சிகாகோ மாயங்களுக்குக் காரணம் தேடுவோருக்கு

ஜிம் புட்சரின் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' நாவல்களை ஒருமுறைக்குப் பலமுறை படித்து, அவற்றில் ஆசிரியர் காரணம் கூறாமல் விட்டுச்சென்ற மாயச் சம்பவங்களுக்குத் தத்தம் மதிநுட்பத்தால் காரணம் காண முயலும் அன்பர்களே,

உங்கள் உழைப்பின்மீது எனக்குள்ள மதிப்பை முதலில் சொல்லிவிட்டு, அந்த உழைப்பு இப்போது சென்றுகொண்டிருக்கும் திசையைப் பற்றி எனக்குள்ள மனக்குறையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தினால் இம்மடலை எழுதுகிறேன். நானும் உங்களைப் போலவே இத்தொடரில் மனத்தைப் பறிகொடுத்தவன். விடை தெரியாத ஒரு வரிக்காக முந்தைய நான்கு நாவல்களை எடுத்துவைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் புரட்டுவதில் உள்ள இன்பம் எத்தகையது என்பதை அனுபவித்து அறிந்தவன். ஆகவே நான் சொல்வதை வேற்றாள் ஒருவனின் கண்டனமாகக் கொள்ளாமல், ஒரே நூலை நேசிப்பவர்களுக்குள் நிகழும் வாதமாகக் கொள்ளும்படி வேண்டுகிறேன்.

2000-ஆம் ஆண்டில் 'ஸ்டார்ம் ஃப்ரண்ட்' வெளிவந்தபோது, சிகாகோ நகரத்துத் தொலைபேசிப் புத்தகத்தில் மந்திரவாதி என்ற தலைப்பின்கீழ்த் தன் பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டு, போலீஸ் இலாகாவுக்கு ஆலோசனை கூறியும், காணாமற்போன பொருள்களைத் தேடிக்கொடுத்தும், மாத வாடகைக்குத் திண்டாடியபடி காலம் தள்ளும் ஹாரி டிரெஸ்டனை, இன்னுமொரு துப்பறியும் கதாநாயகன் என்றுதான் பலர் எண்ணினார்கள். ஆனால் ஆசிரியர் தொடக்கத்திலேயே ஏறத்தாழ இருபது வழக்குகளும் அவற்றுக்குப் பின் உலகமே தீக்கிரையாகும் இறுதி மூன்று நூல்களுமாக ஒரு பெருங்கட்டடத்துக்குத் திட்டம் வகுத்துக்கொண்டவர். 2020-இல் வந்த 'பேட்டில் கிரவுண்ட்' வரை பதினேழு நாவல்களில் அந்தக் கட்டடம் எழும்பியிருக்கிறது. எனவே ஒரு நாவலில் போகிற போக்கில் சொல்லப்பட்ட விசித்திரம், ஆசிரியரின் மறதியால் தொங்கலாக நின்றதன்று, எப்போதோ ஒருநாள் பயன்படுவதற்கென்றே பதித்துவைக்கப்பட்டது என்ற நம்பிக்கை வாசகருக்கு உண்டாயிற்று. அந்த நம்பிக்கைதான் உங்களுடைய விளக்கங்கள் அனைத்துக்கும் அஸ்திவாரம். அது நியாயமான நம்பிக்கையே.

நம்முடைய மொழியில் இத்தகைய பணி புதிதன்று. மூலநூலாசிரியன் சொல்லாமல் விட்டதை உரையாசிரியன் சொல்லி நிரப்புவது நமக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். அப்பழக்கத்தின் சிறப்பையும் அபாயத்தையும் ஒருங்கே காட்டியவர் நச்சினார்க்கினியர். பத்துப்பாட்டுக்கு அவர் எழுதிய உரையில், எங்கோ ஓரடியில் கிடக்கும் சொல்லை எடுத்து வெகுதூரத்து அடியோடு மாட்டிப் பொருள் கொள்ளும் முறை, புலமையின் வீறு என்று சிலராலும், பாட்டின் இயற்கையான ஓட்டத்தைச் சிதைப்பது என்று மறைமலையடிகள் போன்றோராலும் கருதப்பட்டது. தொலைவில் உள்ள இரண்டை இணைக்கும் திறமை மட்டுமே விளக்கத்துக்குப் போதாது, இணைத்தபின் பாட்டு முன்னினும் உயிரோடு நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அந்த வாதத்தில் நாம் கற்றுக்கொள்ளத்தக்கது. உங்கள் விளக்கங்களையும் அந்தக் கண்கொண்டே நான் பார்க்கிறேன்.

என் மனக்குறை இதுதான். ஒரு மாயச் சம்பவம் எப்படி நிகழ்ந்தது என்ற கேள்வியில் நீங்கள் செலுத்தும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கைக்கூட, அதைச் செய்யத் துணிந்த உள்ளம் எது, அது ஏன் துணிந்தது என்ற கேள்வியில் செலுத்துவதில்லை. வேறெந்த மாயக்கதையிலாவது இக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்; இத்தொடரில் பொறுத்துக்கொள்ள முடியாது. ஏனெனில் புட்சரின் உலகத்தில் மந்திரம் என்பது வெறும் சக்தியன்று. தான் மனப்பூர்வமாக நம்பாத ஒரு காரியத்தை எந்த மந்திரவாதியும் மந்திரத்தால் சாதிக்க முடியாது என்ற விதி முதல் நாவலிலிருந்தே வற்புறுத்தப்படுகிறது. அது நியாயம், அது நடந்தே தீரவேண்டும் என்று உள்ளத்தின் அடியாழத்தில் ஒருவன் சம்மதித்தாலன்றி அவன் கையிலிருந்து நெருப்பும் பிறக்காது, கேடயமும் எழாது. மந்திரத்தால் மனிதனைக் கொல்வது, மந்திரவாதிகளின் ஆட்சிமன்றமான வெண்சபையின் ஏழு சட்டங்களுள் முதலாவதாகத் தடுக்கப்பட்டிருப்பதும் இக்காரணம் பற்றியே. கொன்றவன் கொலையை நம்பியவனாகிவிடுகிறான். ஆகவே இவ்வுலகில் நிகழும் ஒவ்வொரு மாயமும் அதன் கர்த்தாவினுடைய அந்தரங்கத்துக்குச் சாட்சி. கர்த்தாவை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் ஆராய்வது, சாட்சியை வரவழைத்து அவன் உடுத்தியிருக்கும் ஆடையை விசாரிப்பதற்கு ஒப்பாகும்.

'டெத் மாஸ்க்ஸ்' நாவலின் முடிவை நினைத்துப் பாருங்கள். ஹோண்டுராஸ் நாட்டில் காஸாவெர்டே என்னும் இடத்தில் இரத்தக்காட்டேரிப் பிரபு ஆர்டேகா தன் பரிவாரத்தோடு தங்கியிருந்த கோட்டையின்மீது, காலம் கழிந்த சோவியத் செயற்கைக்கோள் ஒன்று வானத்திலிருந்து விழுந்து அனைத்தையும் நாசமாக்கிய செய்தி ஹாரிக்கு எட்டுகிறது. அது விபத்தன்று என்பதும், அதை இழுத்து வீழ்த்தியவர் ஹாரியை மகனைப் போல் வளர்த்த எபெனேசர் மெக்காய் என்பதும், வெண்சபையின் சட்டங்களை மீறிக் கொல்வதற்கென்றே அதிகாரம் பெற்ற 'கருங்கோலர்' அவர்தான் என்பதும் அடுத்த நாவலான 'பிளட் ரைட்ஸ்' வந்தபோது வெளியாகின்றன. அங்கே ஆசிரியர் நம் கவனத்தை எங்கே நிறுத்துகிறார்? சுற்றுப்பாதையில் சுழலும் பொருளைப் பூமிக்கு இழுக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பதிலா? இல்லை. உயிர் எதுவாயினும் போற்றத்தக்கது, மந்திரம் உயிரிலிருந்து பிறப்பதாதலால் உயிரை அழிக்க அதைப் பயன்படுத்தலாகாது என்று தனக்குக் கற்பித்த கிழவரே இதைச் செய்தார் என்று உணர்ந்த மாணவனின் நெஞ்சு நொறுங்குவதில் நிறுத்துகிறார். புதிருக்கு விடை கிடைத்த அந்தக் கணத்தில்தான் உண்மையான துயரம் தொடங்குகிறது. புட்சர் விடை சொல்லும் முறை இதுவே என்று அன்றே நாம் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சோதனை 2010-இல் வந்தது. 'சேஞ்சஸ்' நாவலின் இறுதிப் பக்கத்தில், மகளைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பிய ஹாரி, படகின் மேல்தளத்தில் நிற்கையில் எங்கிருந்தோ வந்த துப்பாக்கிக் குண்டு அவன்மேல் பாய, மிச்சிகன் ஏரியின் குளிர்நீரில் விழுந்து மூழ்குகிறான். சுட்டவர் யார் என்ற கேள்வியோடு நூல் முடிந்துவிட, 2011 ஜூலையில் 'கோஸ்ட் ஸ்டோரி' வரும்வரை ஓராண்டுக்கு மேல் உங்களில் பலர் செய்த ஆராய்ச்சியை நான் மறக்கவில்லை. பகைவர் அனைவரும் ஒருவர் பின் ஒருவராகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். ஹாரியைக் கொல்ல வேண்டுமானால் நெடுந்தூரத்திலிருந்து துப்பாக்கியால்தான் செய்வேன் என்று கூலிக்கொலையாளி கிங்கெய்ட் முன்பே சொல்லியிருந்ததை எடுத்துக்காட்டிச் சுட்ட கையைச் சரியாகவே சுட்டிக்காட்டியவர்களும் உங்களுள் இருந்தார்கள். அவர்களுடைய கூர்மைக்கு என் வணக்கம். ஆனால் கையைக் கண்டவர்களுக்குங்கூட உள்ளம் அகப்படவில்லை. முதுகெலும்பு முறிந்து தேவாலயத்தில் கிடந்த ஹாரி, பனிக்கால அரசி மேபுக்கு அடிமைப்பட்டு அவளுடைய வீரனாகி, மெல்ல மெல்லக் கொடியவனாக மாறிவிடுவோம் என்று அஞ்சி, தன்னைக் கொல்லும்படி தானே கிங்கெய்ட்டை ஏற்பாடு செய்து, அந்த ஏற்பாட்டின் நினைவைத் தன் மாணவி மாலியின் மந்திரத்தால் தன் மனத்திலிருந்து அகற்றிக்கொண்டான் என்பதே விடை. கொலையுண்டவனும் கொலைக்குக் கர்த்தாவும் ஒருவனே. அதற்கும் அடியில், நம்பிக்கை இழந்து கிடந்தவன் செவியில் வீழ்ந்த தேவன் ஒருவன் ஓதிய ஏழே சொற்கள். அந்த அநீதிக்கு ஈடாக யூரியல் என்னும் தேவதூதன் திருப்பிச் சொல்லும் ஏழே சொற்கள்.

இந்த விடையைச் சந்தேக மரணங்களின் இலக்கணப்படி எவரும் யூகித்திருக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். அடிமைத்தனத்தை ஹாரி எவ்வளவு வெறுத்தான் என்பதும், தன்னுள் உறங்கும் கொடுமையைக் கண்டு எவ்வளவு அஞ்சினான் என்பதும், தான் சுமக்க வேண்டியதைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டுப் பின் வருந்தும் இயல்பு அவனுக்கு எவ்வளவு உண்டு என்பதும் பன்னிரண்டு நாவல்களிலும் பரவிக்கிடந்தன. அவற்றைக் கூட்டிப்பார்த்திருந்தால் துப்பாக்கியின் தூரத்தைக் கணக்கிட்டவர்களைவிட நாம் உண்மைக்கு அருகில் சென்றிருப்போம். அதோடு, பதினாறு பதினேழு வயதில் தன் நண்பர்களின் மனத்தில் மந்திரத்தால் புகுந்து தலை இழக்க இருந்த மாலியை, அதே குற்றத்துக்குரிய வித்தையைத் தனக்காகச் செய்யும்படி ஹாரி கேட்டான் என்பது இந்தத் தொடரில் அவன் செய்த மிகப்பெரிய பாவம் என்பது என் அபிப்பிராயம். அதைப் பற்றி உங்களிடையே எவ்வளவு குறைவாகப் பேச்சு நிகழ்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகிறது.

'ஸ்கின் கேம்' தந்த விடையும் இவ்வகையினதே. ஹாரியின் தலைக்குள் ஏதோ ஒட்டுண்ணி வளர்கிறது, அது அவனைக் கொன்றுவிடும் என்ற அச்சம் வாசகர்களைப் பலவித அனுமானங்களுக்குத் தூண்டிற்று. சத்துருவின் வித்தென்றும், மேபின் சூழ்ச்சியென்றும் சொன்னார்கள். உண்மையில் அது ஒரு குழந்தை. 'ஒயிட் நைட்' நாவலில், வீழ்ந்த தேவதையான லாஸியலின் நிழலாக ஹாரியின் மனத்தில் குடிகொண்டிருந்த ஒருத்தி, தன் இயல்பையே மீறி அவனுக்காக உயிர்விட்டாளே, அந்தத் தியாகத்திலிருந்து பிறந்த அறிவுருவான ஆவி. 2007-இல் நிகழ்ந்த ஓர் அன்புச் செயல் 2014-இல் கருவாக வெளிப்பட்டது. அந்த இடத்தைப் படித்து முடித்ததும் நூலை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் எதுவும் செய்யத் தோன்றாமல் இருந்தேன்.

இவ்வளவும் சொன்னபின், உங்களில் பெரும்பாலோர் இப்போது கையாளும் ஒரு விளக்கத்தைப் பற்றிப் பேசுவது எளிதாகிறது. 2012-இல் வெளிவந்த 'கோல்ட் டேஸ்', இவ்வுலகின் எல்லைக்கு அப்பால் நின்று வாயிற்கதவுகளை இடித்துக்கொண்டிருக்கும் புறத்தாரின் சூழ்ச்சியாகிய 'நெமிஸிஸ்' என்ற தொற்றை அறிமுகப்படுத்திற்று. அது உள்ளே புகுந்தவர்கள் தம் இயல்புக்கு மாறான காரியம் செய்ய வல்லவராகிறார்கள். பொய் சொல்ல முடியாத தேவகணத்தைச் சேர்ந்த மேவ் பொய் சொன்னதே அவள் தீண்டப்பட்டதற்குச் சான்றாயிற்று. அற்புதமான கற்பனை, முன் நாவல்களில் விடையின்றி நின்ற பல சம்பவங்கள் ஒரே ஒளியில் தெளிவாயின என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் நடந்தது என்ன? யார் எந்தக் கொடுமையைச் செய்திருந்தாலும், யார் நமக்குப் புரியாதபடி நடந்துகொண்டிருந்தாலும், அவரைத் தொற்றுண்டவர் பட்டியலில் சேர்த்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறீர்கள். எல்லாவற்றையும் விளக்கும் காரணம் எதையுமே விளக்குவதில்லை என்பது தர்க்க சாஸ்திரத்தின் பால பாடம்.

'சம்மர் நைட்' நாவலில் வரும் அரோராவை எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால அரசவையின் இளவரசியான அவள், கோடை, பனி என்னும் இரண்டு அரசவைகளின் ஓயாத போட்டியில் அகப்பட்டு நசுங்கும் மானிடர்களின் துயரத்தைக் கண்டு மனம் வெதும்பி, அந்தச் சக்கரத்தையே உடைத்துவிடத் துணிகிறாள். உடைந்தால் பனியுகமோ பிரளயமோ வந்து உலகம் அழிந்தாலும் சரி என்று நினைக்கும் அளவுக்கு அவளுடைய கருணை திரிந்துவிடுகிறது. கருணையே கொடுமையாகத் திரியும் அந்த அவலம், இத்தொடர் படைத்த பகைமைகளுள் மிக உயர்ந்தது என்பேன். பிற்கால நாவலின் ஒளியில் அவளும் தீண்டப்பட்டவள் என்று ஹாரி முடிவு செய்வது உண்மையே. ஆயினும் தொற்று, புகுவதற்கு ஓர் இடத்தைத் தேடியிருக்க வேண்டுமே. அவளுடைய மனத்தில் எந்த வாயில் திறந்திருந்தது, அதை யார் திறந்தார்கள் என்று கேட்காமல், நோய் வந்தது, புத்தி பேதலித்தது என்று முடிப்பது அவளுக்கு இழைக்கும் அநியாயம். மருத்துவக் குறிப்பு எழுதுவது நம் தொழிலன்று. நாம் கதை படிக்க வந்தவர்கள்.

காலப்பயணம் பற்றிய விளக்கங்களிலும் இதே தளர்ச்சி தலைகாட்டுகிறது. காலத்தின் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தலாகாது என்பது ஏழு சட்டங்களுள் ஆறாவது. இதுவரை அச்சட்டம் கதையின் நடுவே முழுமையாக மீறப்படவில்லையாதலால், எப்போதாவது மீறப்பட்டே தீரும் என்று எதிர்பார்ப்பது நியாயந்தான். அதற்காக விளங்காத சம்பவம் ஒவ்வொன்றின் பின்னாலும் எதிர்காலத்து ஹாரியை நிறுத்திவிட்டால், கதை முழுவதும் ஒரே மனிதன் தன்னோடு தானே ஆடும் சதுரங்கமாகிவிடும். ஆனால் இவ்வகையில் ஒன்றை மட்டும் நான் மரியாதையோடு தனித்து வைக்கிறேன்: 'டெட் பீட்' நாவலில் வரும் கௌல் என்ற முகமூடி மந்திரவாதி, வேறொரு பாதையில் சென்ற ஹாரியே என்னும் கருத்து. சான்றுகள் மெலிந்தவை, ஆயினும் அக்கருத்து ஹாரியின்மீது ஒரு குற்றச்சாட்டை வைக்கிறது, அவனுடைய நற்பண்புகளுள் எது வளைந்தால் இப்படி ஆவான் என்று சிந்திக்கச் செய்கிறது. பிழையாயினும் பயனுள்ள பிழை.

அந்தக் கௌலின் தோழி குமோரியைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைத் திரட்டினால் ஒரு நூலாகும். முக்காட்டுக்குள் இருப்பவள் ஹாரியின் பழைய காதலி எலைன் என்பார் ஒருவர். காலத்தில் பின்னோக்கி வந்த மாலி என்பார் மற்றொருவர். அவள் செய்த ஒரு காரியத்தை மட்டும் எவரும் நிறுத்தி நோக்குவதில்லை. குண்டடிபட்டுத் தெருவில் சாகக் கிடந்த முன்பின் அறியாத ஒருவனை, மருத்துவ ஊழியர்கள் திகைத்து நிற்க, சவ மந்திரத்தைக் கொண்டே உயிர் பிரியாமல் பிடித்து நிறுத்திவிட்டுப் போனவள் அவள். சாவு என்பதையே உலகிலிருந்து ஒழிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பேரழிவுக்குத் துணைபோகும் கூட்டத்தில் நின்றுகொண்டு, யாரும் பார்க்கவேண்டும் என்று எண்ணாமல், வழியில் கண்ட ஒரு ஜீவனைக் காத்த அவள் நெஞ்சத்தை ஆராயுங்கள். அப்படிப்பட்டவள் யாரை இழந்திருப்பாள், எந்த மரணத்தின் அருகில் கையாலாகாமல் நின்றிருப்பாள் என்று கேட்டுக்கொண்டு தொடரை மீண்டும் படித்தால், பெயர் தானே அகப்படக்கூடும். அகப்படாவிட்டாலும் நஷ்டமில்லை.

இனி, 2006-இல் வெளிவந்த 'ப்ரூவன் கில்டி'யின் புகழ்பெற்ற புதிருக்கு வருகிறேன். தன் நிலவறைக் கூடத்துக்கும் கீழே உள்ள ஆராய்ச்சி அறையில், சிகாகோ நகரத்தின் சிறு உருவத்தை வெள்ளீயக் கலவையால் மேசைமேல் கட்டி, ஒவ்வொரு கட்டடத்தோடும் அதன் உண்மையான இடத்திலிருந்து கொணர்ந்த சிறு துணுக்கைச் சேர்த்து, நகரம் முழுவதையும் மந்திரத்தால் தொட்டறியும் கருவியாக ஹாரி அமைத்திருந்தான். அவசரத்தில் சோதிக்காமலே அதைப் பயன்படுத்தவும் நேர்ந்தது. பின்னர்தான், அதன் அமைப்பில் ஒரு குறை இருந்தது, அக்குறையோடு இயக்கியிருந்தால் அந்த இடத்திலேயே மாண்டிருப்பான் என்பதும், தன் வீட்டைச் சூழ்ந்த காவல் மந்திரங்களைக் கடந்து யாரோ உள்ளே வந்து, அவன் அறியாமல் அதைச் செப்பம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதும் அவனுக்குப் புலப்படுகின்றன. யார் என்று 'பேட்டில் கிரவுண்ட்' வரையிலும் நூலுக்குள் விடையில்லை. அந்தச் சிறு நகரமோ 'சேஞ்சஸ்' நாவலில் வீட்டோடு எரிந்து சாம்பலாயிற்று.

வாயில்காவலர் ரஷீத் என்கிறீர்கள், எதிர்காலத்து மாலி என்கிறீர்கள், எதிர்கால ஹாரி என்கிறீர்கள்; காவலை எவர் கடக்க முடியும், அக்குறையைத் திருத்தும் நுட்பம் எவரிடம் உண்டு, நாள் எது, நேரம் எது என்று அட்டவணை இடுகிறீர்கள். அவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இத்தொடரில் விளங்காமல் நிற்கும் சம்பவங்களில் மிகப்பல தீங்குகள். துரோகங்கள், கொலைகள், நஞ்சிட்ட பரிசுகள். அவற்றினிடையே இது ஒன்று உபகாரம். ஒருவர், அல்லது ஒருத்தி, ஹாரியின் உயிரைக் காத்துவிட்டு நன்றி பெறாமல், பெயர் சொல்லாமல், ஒரு சிறு குறிப்புக்கூட வைக்காமல் போய்விட்டார். இந்த உலகத்திலோ உபகாரம் என்பது கடன். தேவகணத்தார் செய்யும் உதவி ஒவ்வொன்றும் கணக்கில் ஏறுகிறது. மேப் அரசி கடனை விட்டுக்கொடுத்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. நன்றி என்று வாய்தவறிச் சொல்வதே ஆபத்து. அப்படிப்பட்ட உலகில் கடனாக எழுதிக்கொள்ளாத உதவி எங்கிருந்து வரக்கூடும்? இக்கேள்வியை எழுப்பிய மாத்திரத்தில், உங்கள் அட்டவணையிலுள்ள பெயர்களில் பல தாமாகவே விழுந்துவிடுகின்றன. மேபின் தூதர் யாரும் இதைச் செய்து மௌனமாக இருந்திருக்க மாட்டார். ஹாரி பிழைத்திருப்பது ஏதோ ஒரு பெருங்காரியத்துக்குத் தேவை என்ற கணக்கினால் செய்தவராயின் அவர் ஒருவகையினர்; அவன் சாகக்கூடாது என்ற ஆசை ஒன்றினாலேயே செய்தவராயின் முற்றிலும் வேறுவகையினர். ரஷீதிடம் இரண்டும் இருக்கக்கூடும் என்று தோன்றுவதால் நான் அவர் பக்கம் சாய்கிறேன். அவர் ஹாரிக்குத் தரும் எச்சரிக்கைகளின் தொனியில், கடமைக்கு மேற்பட்ட ஒரு வாஞ்சை எனக்குக் கேட்கிறது. மாலி என்று சொல்பவர்கள், தனக்குப் பிற்காலத்தில் இழைக்கப்பட்டதையெல்லாம் அனுபவித்தபின்னும் இதைச் செய்ய அவளை எது தூண்டும் என்று எழுதிக்காட்டுவார்களானால் என் சாய்வை மாற்றிக்கொள்ளத் தயங்கமாட்டேன்.

உள்ளத்தை ஆராயச் சொல்வதனால், விதிகளை அசட்டை செய்யலாம் என்று சொல்வதாக எவரும் எண்ணிவிடக்கூடாது. விதிகளில் புட்சர் காட்டும் நேர்மை அபூர்வமானது. 1990-இல் தெற்கு டகோடாவில் சூ ஹெண்ட்ரிக்சன் என்னும் பெண்மணி கண்டெடுத்து, 1997-இல் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் 83 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்த டைரனோசாரின் எலும்புக்கூடு 'டெட் பீட்' நாவலில் உயிர்பெற்றுத் தெருவில் ஓடும் காட்சியை யார் மறக்க முடியும்? செத்து எத்தனை காலமானதோ அத்தனை வலிமை அந்தப் பிரேதத்துக்கு என்ற விதியும், எழுந்த பிரேதத்தைக் கட்டுக்குள் வைக்க இடையறாத தாள ஒலி வேண்டும் என்ற விதியும் முன்பே சொல்லப்பட்டுவிட்டன. பட்டர்ஸ் என்னும் பிணக்கூறாய்வு மருத்துவர் உடம்பெல்லாம் வாத்தியங்களைக் கட்டிக்கொண்டு போல்கா வாசிப்பவர் என்பதும் முன்பே காட்டப்பட்டுவிட்டது. மனிதப் பிரேதத்தை எழுப்புவதுதான் சட்டவிரோதம் என்ற நுணுக்கமும் இருந்தது. எல்லாம் நம் கண்ணெதிரே கிடக்க, ஹாரி அவற்றை ஒன்றாகச் சேர்த்தபோது நாம் வியந்தோம். உங்கள் விளக்கமும் இவ்வாறே, நூலில் ஏற்கெனவே கிடப்பவற்றால் மட்டுமே கட்டப்பட வேண்டும். நூலில் இல்லாத ஒரு புதுச் சக்தியைத் துணைக்கு அழைக்கும் விளக்கம் எவ்வளவு அழகாயிருந்தாலும் நிற்காது. ஆனால் அந்தக் காட்சியிலும், சட்டத்தின் எழுத்தைக் காத்துக்கொண்டு அதன் விளிம்பில் நடக்கத் துணிந்த ஹாரியின் மனம் இருக்கிறது. அவனை நெடுங்காலம் தூக்குமரத்தின் நிழலிலேயே பார்த்துப் பழகிய வெண்சபைக் காவலர் மார்கன் போன்றோர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அதிசயம் முழுமையாகிறது.

நூலுக்கு வெளியே, வாசகர் கூட்டங்களிலும் பேட்டிகளிலும் ஆசிரியர் உதிர்க்கும் சொற்களைப் பிரமாணமாகக் கொள்வது பற்றியும் ஒரு வார்த்தை. அவர் வாசகரோடு பேசி மகிழ்பவர். மகிழ்ச்சியில் சொன்னது, மறைத்துச் சொன்னது, பிறகு மனம் மாறிவிட்டது ஆகியவை எல்லாம் அவற்றில் கலந்திருக்கும். எழுதி அச்சேற்றிய சொல்லுக்குத் துணையாக அவற்றை வைத்துக்கொள்வதில் தடையில்லை. அச்சேறிய சொல்லுக்கு எதிராக அவற்றை நிறுத்தி வாதிடுவது, அந்த நூல்களுக்கு நாம் செலுத்தும் கௌரவத்தைக் குறைப்பதாகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாலியை மீட்பதற்காக ஹாரியும் அவன் தோழர்களும் பனிக்கால அரசியின் ஆர்க்டிஸ் டோர் கோட்டைக்குள் நுழைந்தபோது, தங்களுக்கு முன்னரே யாரோ அதைத் தாக்கிச் சிதைத்திருப்பதையும், பனியால் ஆன அந்தச் சுவர்களிடையே நரக நெருப்பின் கந்தக நாற்றம் தங்கியிருப்பதையும் கண்டார்கள். மேபின் இருப்பிடத்தையே தாக்கத் துணிந்தவர் யார் என்பது இன்றளவும் உங்களிடையே தீராத வழக்கு. நரக நெருப்பு வீழ்ந்த தேவர்களோடு தொடர்புடையது என்பதைக் கொண்டு, அவர்களுடைய வெள்ளிக்காசு தரித்தவர்கள் வந்தார்கள் என்றும், மறைவில் இயங்கும் கருஞ்சபை வந்தது என்றும், இரண்டும் கூடி வந்தன என்றும் நிரூபிக்கப் பல பக்கங்கள் எழுதியிருக்கிறீர்கள். அடுத்து எழுதப்போகிறவரை நான் கேட்பது இதுதான்: நெருப்பின் வகையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள், அழியாத அரசி ஒருத்தியின் கோட்டைக்குள் உயிரைப் பணயம் வைத்து நுழைந்தவன் அங்கே எதைத் தேடினான், பனிக்கட்டிக்குள் சிறைவைக்கப்பட்டிருந்த ஹாரியின் ஞானத்தாய் லியனான்சீயை விடுவிக்க வந்தானா, வாயடைக்க வந்தானா, கிடைக்காமல் திரும்பிய அன்றிரவு யாரிடம் என்ன பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதைப் பற்றி மூன்று பக்கம் எழுதுங்கள். நான் ஆவலோடு படிப்பேன். உடன்படாத இடங்களில் பக்க எண்ணோடு மறுமொழி எழுதுவேன்.

தங்கள் அன்புள்ள,
உடன்வாசகன் ஒருவன்